மடித்த இலையைப் பிரிக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சண்டை. ஆரம்பித்தது நான். கூடத்தில் இருபது பேர் இலை முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சொந்த அத்தையின் கையைப் பிடித்துவிட்டேன். அடிக்கவில்லை... பிடித்தேன். சோற்றுக் கரண்டி இருந்த கையை.

'பெரியவங்கன்னு மட்டு மரியாதை இல்ல' என்று இதற்குள் கிள்ளான் முழுக்கச் செய்தி போயிருக்கும். போகட்டும். என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று என் அண்ணனுக்கு ஓராண்டுப் படையல்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவள். ரயில் தாமதம், கடைக்கு வருகிற ஆட்கள், ஒழுகுகிற வீட்டுக் கூரை என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் இன்றைக்கு எழுத வைப்பது வேறு. கோபம்.

அண்ணன் பெயர் குமரன். கன்டெய்னர் லோரி ஓட்டினான். துறைமுக வாசலில், காலை எட்டரை மணிக்கு, வரிசையில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். பின்னால் நின்ற லோரிக்காரர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள், தூங்கிவிட்டான் என்று நினைத்து. முப்பத்து மூன்று வயது.

எங்கள் அப்பா ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டார். அண்ணனும் போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான்.

சரி, சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஒரு விஷயம். 'அம்மா ஒன்பது கிலோ இளைத்துவிட்டார்' என்று கொஞ்ச நாளைக்கு முன்பு இங்கே ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த செய்திகள் இருக்கே! பந்திங்கிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார் – 'என்ன பவுடர்?' இன்னொருவர் – 'மாத்திரை பேரு அனுப்புங்க சிஸ்டர்.' பங்சாரில் இருந்து ஒருவர் தானே ஒரு பவுடர் விற்பதாக விலைப்பட்டியலோடு அனுப்பியிருக்கிறார்.

பவுடர் இல்லைங்க. பாதிச் சோறு.

நம்ப மாட்டேன் என்கிறார்கள். பாதிச் சோற்றை யார் நம்புவார்கள்? அதை டப்பாவில் போட்டு, ஒட்டி, இடுப்பு மெலிந்த ஒரு பெண்ணின் படத்தைப் போட்டால் நம்புவார்கள்.

அண்ணனும் முதலில் டப்பாவைத்தான் நம்பினான். அப்போது அவன் எடை நூற்றுப் பதினெட்டு. சாக்லேட் வாசனை அடிக்கிற ஒரு மாவு. காலையும் மாலையும் அதையே கலக்கிக் குடித்தான். பன்னிரண்டு கிலோ இறங்கியது. மாவு தீர்ந்தது, பதினைந்து கிலோ ஏறியது. அடுத்த வருஷம் பட்டினி. வெறும் சூப். துறைமுகத்தில் லோரியை விட்டு இறங்கும்போது தலை சுற்றி விழுந்து, முழங்காலில் நான்கு தையல்.

மூன்றாவது முறை அவன் யாரிடமும் சொல்லவே இல்லை. நானே மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். சட்டை தொளதொள என்று ஆடியது.

"என்னாண்ணே, மறுபடியும் பவுடரா?"

"பவுடரும் இல்ல, ஒன்னும் இல்ல பாப்பா. வழக்கமா திங்கறதுதான் திங்கறேன். பாதி."

"பாதின்னா?"

"ரெண்டு ரொட்டி சனாய்க்கு ஒன்னு. அதுக்கூட ரெண்டு அவிச்ச முட்டை. சோத்துல பாதி கொறச்சி, கீரைய ரெண்டு பங்கு. தண்ணி மட்டும் கோசோங்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் டீ, காப்பி எல்லாமே 'தண்ணி'தான். கடையில் சும்மா ஒரு டீ கேட்டால் கெட்டிப்பாலும் சீனியுமாக வரும். குடித்து முடித்தால் கிளாசின் அடியில் பசை மாதிரி நிற்கும். 'ஓ கோசோங்' என்று சேர்த்துச் சொன்னால்தான் பாலும் சீனியும் இல்லாமல் வெறும் டீ வரும். லோரிக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் நிறுத்துவான்? நிறுத்துகிற இடமெல்லாம் ஒரு தண்ணி. அண்ணன் முதல் இரண்டு வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தானாம். பிறகு சீனி போட்ட தண்ணியைக் குடித்தால் தொண்டையில் ஒட்டுகிறது என்றான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பசித்தால் வாழைப்பழம். எண்ணெயில் பொரித்ததை இல்லை, தோலை உரித்துச் சாப்பிடுகிறதை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வைக்கும் ஆட்டுக்கறியை விடவில்லை. பிறந்தநாள் கேக்கை விடவில்லை. சாப்பிடும்போது போனைத் தள்ளி வைத்தான். வயிறு 'போதும்' என்று சொன்னால் நிறுத்தினான். இவ்வளவுதான். இதில் விற்க என்ன இருக்கிறது?

எட்டு மாதத்தில் தொண்ணூற்றேழுக்கு வந்தான். மூச்சு வாங்காமல் லோரியில் ஏறினான். பாட்டுக்கூடப் பாடுவான், கேட்கச் சகிக்காது.

இளைக்கிறது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. இளைத்த பிறகு நம் சனத்துக்கு நடுவில் அப்படியே இருக்கிறது இருக்கே... அதுதான் கஷ்டம்.

முதலில் சாந்தி அத்தை ஆரம்பித்தார். அப்பாவின் தங்கச்சி. இரண்டு தெரு தள்ளி வீடு. "என்னா அண்ணி, பையன் மொகமே ஒட்டிப் போச்சு? சீக்கு கீக்கு எதும் இருக்கா?" அடுத்து கோவிலில் ஒரு ஆன்டி. அடுத்து பக்கத்து வீடு. குண்டாக இருந்த காலத்தில் ஒருத்தர்கூட அவனுக்கு உடம்பு எப்படி என்று கேட்டதில்லை. இளைத்த பிறகு ஊரே டாக்டர் ஆகிவிட்டது.

அதே சமயத்தில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்திங் பக்கம் ஒரு குடும்பம். தரகர் ஒரு நாள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு இனிப்பு நீர், சக்கர வியாதி ஏதாச்சும் இருக்கான்னு பொண்ணு வீட்ல கேக்கறாங்க. பழைய போட்டோவுல நல்லா வாட்டசாட்டமா இருக்காரு. இப்ப கோவில்ல பாத்தவங்க வேற மாதிரி சொல்றாங்களே?"

அம்மா பயந்துவிட்டார்.

கேட்டீர்களா? நூற்றுப் பதினெட்டுக் கிலோ இருந்தபோது என் அண்ணன் ஆரோக்கியமான மாப்பிள்ளை. தொண்ணூற்றேழுக்கு வந்ததும் நோயாளி! எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கணக்கு வராது.

பெண் வீட்டார் வருவதற்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் அவனுக்குக் கொஞ்சம் 'சதை போடணும்' என்று வீடே களத்தில் இறங்கியது. அம்மா காலையில் நெய் தோசை. அத்தை வாரம் இரண்டு நாள் தூக்குச்சட்டியில் பாயசம். அவன் பிளாஸ்க்கில் கொண்டு போகிற வெறும் டீயை ஊற்றிவிட்டு, அம்மா கெட்டிப்பால் டீ ஊற்றி வைப்பார்.

அண்ணன் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. "அம்மா ஆசையா குடுக்கறாங்க, என்னா சொல்றது?" என்பான்.

நானாவது அவன் பக்கம் நின்றிருக்க வேண்டும் இல்லையா? இதோ... நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அம்மாவுக்குக்கூட இது போன ஞாயிற்றுக்கிழமை வரை தெரியாது.

அந்த ஆறு வாரத்தில், லீவு நாளில், கொமுட்டர் ரயில் ஏறி என் கடைக்கு வந்தான். மூலை மேசையில் உட்கார்ந்தான். நான்தான் இலை போட்டேன். சோறு வைத்தேன். பொறுமையாகச் சாப்பிட்டான். பாதியில் இலையை மடித்தான்.

எங்கள் கடையில் இலையை மடித்தால் அர்த்தம் ஒன்றுதான். முடிந்தது, இனிமேல் போடாதே. மடிக்கிற வரைக்கும் வாளியோடு சுற்றிச் சுற்றி வந்து போட்டுக்கொண்டே இருப்போம். மடித்துவிட்டால் நாங்கள் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

நான் என் அண்ணனின் இலையைப் பிரித்தேன்.

"என்னாண்ணே, ஒரு வாட்டிதான் போட்டேன், அதுக்குள்ள மடிச்சிட்ட? தங்கச்சி கையால போட்ட சோறு எறங்கலையா?"

"போதும் பாப்பா."

"பொண்ணு வீட்ல வராங்க லா! எலும்பும் தோலுமா போய் உக்காரப் போறியா?"

வாளியிலிருந்து அள்ளிப் போட்டேன். குழம்பு ஊற்றினேன். இரண்டு பொரித்த கோழியும் வைத்தேன். அவன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு என் கடையில் அவன் பாதியில் மடிக்கவே இல்லை.

பெண் வீட்டார் வந்தார்கள். "மாப்பிள்ள நல்லா இருக்காரு" என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணனுக்கு ஏறியது இறங்கவில்லை. விட்ட பழக்கம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. "அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா" என்றான். ஒன்றரை வருஷம். எட்டரை மணி. துறைமுக வாசல்.

ஒரு கரண்டிச் சோற்றில் யாரும் சாவதில்லை. எனக்குத் தெரியும். டாக்டர் ரத்தக்குழாய், பரம்பரை, சிகரெட் என்று நிறையச் சொன்னார். அண்ணன் சிகரெட்டும் பிடிப்பான், மறைக்கவில்லை. ஆனால் அந்த இலை எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது. நாள் முழுக்க இலை முன்னால் நிற்கிற வேலை. எப்படி மறக்கும்?

அவன் போன பிறகு அம்மா சாப்பிட ஆரம்பித்தார். துக்கத்தில் சாப்பாடு இறங்காது என்பார்கள். அம்மாவுக்கு இறங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் பிஸ்கட் டின்னோடு வந்தார்கள். ஆள் வந்தால் தண்ணி கலக்க வேண்டும். கலக்கினால் கூடவே உட்கார்ந்து குடிக்க வேண்டும். "குடிங்கக்கா, தெம்பு வேணும்ல." ஒரு நாளைக்கு ஏழு, எட்டுக் கிளாஸ். அம்மாவுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர். இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை.

கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அம்மாவைத் தராசில் ஏற்றினார். எண்பத்து நாலு. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சீனி எறங்கணும். எடையும் எறங்கணும். எறங்கினா மட்டும் பத்தாது, திரும்ப ஏறக்கூடாது. இல்லன்னா இந்தக் கால..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அண்ணனுடைய பிளாஸ்க்கைத் தேடி எடுத்தேன். கழுவினேன். வெறும் டீ போட்டு அம்மா முன்னால் வைத்தேன். "அண்ணே குடிச்சது." அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அழுதார். கசப்புக்கு அழுதாரா, அவனுக்கு அழுதாரா தெரியாது. மறுநாளும் குடித்தார்.

பிறகு எல்லாமே அண்ணன் செய்ததுதான். அரிசி அளக்க இரண்டு டின் எடுக்கிற இடத்தில் ஒரு டின். இலையில் முதலில் காய், அப்புறம் சோறு. பிஸ்கட் டின்னில் இப்போது ஊசியும் நூலும் இருக்கிறது. ஆள் வந்தால் தண்ணி கலக்குவோம். வருகிறவர்களுக்குச் சீனி வேண்டுமா என்று கேட்டுவிட்டு! சில பேருக்கு அதுவே பெரிய அவமானம். "சீனிக்கு என்னா அவ்ளோ பஞ்சமா?" என்று கேட்டவர்கள் உண்டு.

நடுவில் அம்மாவுக்கு இரண்டு கிலோ ஏறியது. தீபாவளி முறுக்கு. அழவில்லை, பட்டினி கிடக்கவில்லை. மறுநாள் பழையபடி ஒரு டின். அவ்வளவுதான். ஏழு மாதத்தில் எழுபத்தைந்து. அதற்குப் பிறகு மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறது. புண் ஆறிவிட்டது. மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் மிஸ்ஸி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் எத்தனை பேரிடமும் சண்டை போடுவேன்.

போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை.

படையலுக்கு அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். கோழிப் பிரட்டல், சம்பால், அவித்த முட்டை. அத்தை ஒரு பெரிய போத்தல் கலர் தண்ணி கொண்டு வந்து வைத்தார். அம்மா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிளாஸ்க்கைக் கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைத்தார்.

"என்னா அண்ணி அது?"

"தே ஓ கோசோங்."

"அட பாவமே! செத்தவனுக்குக்கூட சீனி இல்லையா இந்த வீட்ல?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். படையல் நாள். சும்மா இரு, சும்மா இரு என்று எனக்கு நானே சொன்னேன்.

பிறகு எல்லோருக்கும் இலை போட்டோம். அத்தை பரிமாற எழுந்தார். அம்மா பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரே பல்லவி. "காஞ்ச கருவாடாட்டம் ஆயிட்டீங்க அண்ணி. பாக்கறவங்க நாங்க சோறு போடலன்னு நெனப்பாங்க."

அம்மா முக்கால்வாசி சாப்பிட்டார். இலையை மடித்தார்.

உடனே ஒரு வாக்குவாதம். வரிசையில் இருந்த ஒரு மாமா, "தங்கச்சி, இது படையல் வீடு. வெளிப்பக்கமா மடிக்கணும், உள்பக்கமா மடிக்கக் கூடாது" என்றார். இன்னொருவர், "ஒரு வருஷம் ஆச்சுல்ல, உள்பக்கம் மடிக்கலாம் லா" என்றார். எந்தப் பக்கம் மடிப்பது என்று நாலு பேர் பேசினார்கள். மடித்தால் போதும் என்று அர்த்தம்... அது ஒருத்தர் ஞாபகத்திலும் இல்லை.

அந்தச் சத்தத்தில் அத்தை குனிந்தார். "ஒரு கை சோத்துல என்னா ஆயிடப் போவுது?" இடது கையால் அம்மாவின் இலையைப் பிரித்தார். வலது கையில் கரண்டி நிறையச் சோறு.

பிடித்துவிட்டேன்.

"கைய எடுங்கத்தே."

"ஏய்... என்னாடி?"

"எடுங்கன்னா எடுங்க! அவங்க மடிச்சிட்டாங்க."

"பாசத்துலதாண்டி போடறேன். இதுக்குப் போயி இந்தக் கத்து கத்தற?"

"அண்ணனுக்கும் பாசத்துலதான் போட்டோம்! நெய் தோசை பாசம், பாயசம் பாசம். அவன் போதும்னு இலைய மடிச்சான் அத்தே. என் கடைல, என் முன்னால மடிச்சான். நான் பிரிச்சேன். பிரிச்சி, சோத்த அள்ளிப் போட்டேன். இந்தக் கையாலதான். இன்னொரு இலைய பிரிக்க விடமாட்டேன்!"

அத்தையின் கரண்டியிலிருந்து சோறு பொலபொல என்று தரையில் விழுந்தது. நான் திட்ட வேண்டியவர்கள் நிறைய இருந்தார்கள். தரகர், பெண் வீட்டார், ஊர். திட்டி முடித்தபோது என் கைதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அப்போதுதான் அது தெரிய வந்தது. பிறகு தன் கையால் இலையைத் திரும்ப மடித்தார். மேலே தண்ணிச் சொம்பைத் தூக்கி வைத்தார், பறந்துவிடாமல் இருக்க வைக்கிற மாதிரி.

"போதும் சாந்தி. எனக்கு வயிறு நெறஞ்சிடுச்சு."

இத்தனை வருஷத்தில் அம்மா அந்த அத்தையிடம் 'போதும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தை அழுதார். நானும் அழுதேன். அத்தை கோபித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது கோழிப் பிரட்டலைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டுதான் போனார். எங்கள் குடும்பத்தில் கோபம் வேறு, கோழி வேறு.

எல்லோரும் போன பிறகு அம்மாவும் நானும் பாத்திரம் கழுவினோம். அந்த இலையைப் பற்றி அவர் ஏதாவது கேட்பார் என்று பயந்துகொண்டே நின்றேன். சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நானுந்தான் அவன் பிளாஸ்க்குல பால ஊத்துனேன்." அவ்வளவுதான். கழுவிய சட்டியை என்னிடம் நீட்டினார், வாங்கித் துடைத்தேன்.

புதன்கிழமை கடைக்கு மத்தியானம் ஒரு பையன் வந்தான். நல்ல உடம்பு. சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. மூலை மேசை. நான்தான் இலை போட்டேன். பாதியில் மடித்துவிட்டு, யாராவது திட்டுவார்களோ என்கிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தான்.

கல்லாவிலிருந்து பாஸ் குரல் கொடுத்தார். "ஏம்மா, அந்த மேசைக்கு சோறு கேட்டியா? தம்பி பாதிதான் சாப்ட்ருக்காரு பாரு."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

"மடிச்சிட்டாரு பாஸ்."